கிளர்ச்சியைத் தணித்த மக்சேசேயும் தீராத காணிப் பிரச்சினையும்

ரமொன் மக்சேசே என்ற பெயர் இந்நாட்டு வாசகர்களுக்குப் புதியதன்று. ஆசியாவின் நோபல் பரிசு என வர்ணிக்கப்படும் விருதின் பெயராகவே அதனை நாம் அறிந்து வைத்திருக்கிறோம். 1958 ஆம் ஆண்டு அவ்விருது முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர்களுள் இலங்கையில் பெண்களின் முன்னேற்றத்துக்காக உழைத்த வைத்தியர் மேரி இரட்ணமும் ஒருவர். தெலுங்கானாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சி நிலவிய பிரதேசத்திலே 1951 இல் பூமிதான இயக்கத்தைத் தொடங்கிய ஆச்சாரிய வினோபா பாவேயும் அவ்வாண்டே கௌரவிக்கப்பட்டார். 1969 இல் சர்வோதய இயக்கத்தின் தலைவர் ஏ.ரி. ஆரியரத்னவுக்கு அவ்விருது கிடைத்தது. எனினும், விருதை அறிந்த அளவுக்கு அந்த மனிதரை நாம் அறிந்திருக்கவில்லை. வறிய கிராமங்களில் மூண்ட இடதுசாரிக் கிளர்ச்சியொன்றை ஓர் அரசாங்கம் எவ்வாறு வெற்றிகொண்டது என்பதற்கு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் வாழ்க்கை அவருடையது. அந்த வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலை என்ன, அதனைக் கொடுத்தவர்கள் யார் என்பனவும் அதே வாழ்க்கையிலிருந்து அறியப்பட வேண்டியவையே.

மக்சேசே 1907 ஆகஸ்ட் 31 ஆம் திகதி பிலிப்பைன்ஸின் லூசொன் தீவிலுள்ள சம்பாலெஸ் மாகாணத்தில் பிறந்தார். தந்தை கொல்லுவேலையும் தச்சுவேலையும் அறிந்தவர், தாய் ஆசிரியை. அந்நாட்டின் அரசியல் அன்று பெருநிலவுடைமைக் குடும்பங்களினதும் சட்டத்தரணிகளினதும் கையிலே இருந்தது. அத்தகைய பின்னணி எதுவும் இவருக்கு இருக்கவில்லை. மனிலாவில் பல்கலைக்கழகக் கல்வியைத் தொடங்கிய அவர், படிப்புச் செலவுக்காக வாகனச் சாரதியாக வேலை செய்தார். பின்னர் வணிகத்துறையில் பட்டம் பெற்று, பஸ் கம்பனியொன்றில் இயந்திரத் திருத்துநராகச் சேர்ந்து, அதன் கிளை முகாமையாளராக உயர்ந்தார். எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு தொழிலாளர் மத்தியில் கழித்த அந்த ஆண்டுகள் சாதாரண மக்களின் பேச்சையும் மனக்குறைகளையும் அவருக்குப் பழக்கப்படுத்தின.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படைகள் பிலிப்பைன்ஸின் மீது படையெடுத்தன. 1942 ஏப்ரலில் பட்டான் வீழ்ந்ததும் மக்சேசே மலைக்காடுகளுக்குள் சென்று கெரில்லாப் போராளியானார். 1945 இல் அமெரிக்கப் படைகள் திரும்பியபோது சம்பாலெஸ் மாகாணத்தின் இராணுவ ஆளுநராக நியமிக்கப்பட்டார். கெரில்லாவுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது, தகவல் யாரிடமிருந்து வருகிறது, மக்கள் முகம் திருப்பிக்கொண்டால் அவன் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான் என்பவற்றை அவர் தமது அனுபவத்தில் கண்டிருந்தார். பின்னாளில் அவர் கையாண்ட உபாயங்களுக்கெல்லாம் அடிப்படை இந்த அனுபவமே எனலாம்.

அதே காலத்தில் லூசொன் தீவின் மத்திய சமவெளியில் வேறொரு கெரில்லா இயக்கம் ஜப்பானியரை எதிர்த்துக் கொண்டிருந்தது. 1942 மார்ச் 29 ஆம் திகதி தோற்றுவிக்கப்பட்ட அவ்வியக்கத்தின் பெயர் ஹுக்பலஹாப். சுருக்கமாக ஹுக் என்று அழைக்கப்பட்டது. பம்பங்கா மாகாணத்தின் வறிய விவசாயக் குடும்பமொன்றில் பிறந்த லூயிஸ் தாருக் அதன் தளபதி. கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் அதற்குத் தலைமை தாங்கினர் என்பது உண்மையே. ஆயினும் அதில் இணைந்த ஆயிரக்கணக்கானோர் சித்தாந்தம் பயின்று சேர்ந்தவர்களல்லர். வாரத்துக்கு நெல் விளைவித்த ஏழை விவசாயிகள். விளைச்சலில் ஏறக்குறைய அரைவாசி காணிச் சொந்தக்காரருக்குச் சென்றது. எஞ்சிய பங்கில் விதைநெல்லுக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கிய கடன் கழிக்கப்பட்டது. தந்தை பட்ட கடன் மகன் தலையில் விழுந்தது. முற்காலத்தில் பஞ்ச காலங்களில் வட்டியின்றி நெல் கொடுத்துதவிய காணிச் சொந்தக்காரர், விவசாயம் இலாபத் தொழிலாக மாறியதும் அந்த வழமையைக் கைவிட்டிருந்தனர்.

யுத்தம் முடிந்ததும் ஹுக் போராளிகள் எதிர்பார்த்தது நன்றியை. கிடைத்ததோ சிறை. 1945 பெப்ரவரியில் மலோலொஸ் நகரில், ஆயுதம் களையப்பட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த நூறுக்கும் மேற்பட்ட ஹுக் போராளிகள், அமெரிக்க ஆதரவு பெற்ற மற்றொரு கெரில்லாக் குழுவினரால் கொல்லப்பட்டனர். தாருக் சிறையிலடைக்கப்பட்டார். யுத்த காலத்தில் மனிலாவுக்கு ஓடியிருந்த காணிச் சொந்தக்காரர்கள் திரும்பிவந்து, விடுபட்ட ஆண்டுகளின் வாரத்தையும் சேர்த்துக் கேட்டனர்.

இருந்தும் விவசாயிகள் முதலில் நாடியது வாக்குப் பெட்டியையே என்பதை மறந்துவிடலாகாது. 1946 தேர்தலில் ஜனநாயகக் கூட்டணியின் வேட்பாளர்களாக மத்திய லூசொனிலிருந்து தாருக் உட்பட அறுவர் காங்கிரஸுக்குத் தெரிவு செய்யப்பட்டனர். அமெரிக்கருக்கு வர்த்தகச் சலுகை வழங்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்குத் தடையாக இருப்பர் எனக் கருதப்பட்ட அவர்களுக்கு, ஆளுங்கட்சி ஆசனம் வழங்க மறுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில், அரசாங்கத்துடனான சமாதான முயற்சியில் ஈடுபட்டிருந்த விவசாயிகள் சங்கத் தலைவர் ஹுவான் ஃபெலியோ கடத்திக் கொல்லப்பட்டார். அத்துடன் கிளர்ச்சி மூண்டது. 1948 இல் ஜனாதிபதி ரொக்ஸாஸ் ஹுக் இயக்கத்தைச் சட்டவிரோதமாக்கினார். அவருக்குப் பின் பதவியேற்ற கிரினோ அறிவித்த பொதுமன்னிப்பும் சில வாரங்களில் முறிந்தது. அரச காவற்படை கிராமங்களைச் சுற்றிவளைத்து, சந்தேகத்தின் பேரில் பிடித்தவர்களைத் துன்புறுத்தி, கோழியும் நெல்லும் கவர்ந்து சென்றது. ஒவ்வொரு சுற்றிவளைப்பின் பின்னரும் காட்டுக்குச் சென்ற இளைஞர் தொகை கூடியதே தவிரக் குறையவில்லை. 1949 இல் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தல் மோசடிகளுக்குப் பேர்போனது. 1950 அளவில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமான ஆயுதபாணிகள் ஹுக் அணியில் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. தலைநகர் மனிலாவே அச்சத்தில் ஆழ்ந்தது.

இந்நிலையிலேதான் 1950 செப்டெம்பர் முதலாம் திகதி மக்சேசே பாதுகாப்பு அமைச்சராக நியமிக்கப்பட்டார். 1946 முதல் லிபரல் கட்சியின் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த அவருக்கு வயது 43. படையினரின் நடத்தையே கிளர்ச்சிக்கு ஆட்சேர்க்கிறது என்பது அவரது முதல் முடிவு. அறிவித்தல் இன்றி அதிகாலையில் முகாம்களுக்குச் சென்று இறங்கினார். உறங்கிய அதிகாரிகள் பதவியிழந்தனர். ஊழல் புரிந்தோர் விசாரிக்கப்பட்டனர். படையினர் கிராமத்தவரிடம் எதையும் இலவசமாகப் பெறக்கூடாது என்ற நிலை ஏற்படுத்தப்பட்டது. அரச காவற்படை இராணுவக் கட்டளையின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. நாட்டின் எந்த மூலையிலிருந்தும் எந்த விவசாயியும் பத்துச் சென்டாவோ கட்டணத்தில் அமைச்சருக்கு நேரடியாகத் தந்தியனுப்பி முறையிடலாம் என்றும், முறைப்பாடு உடனே விசாரிக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. காணிச் சொந்தக்காரருடன் வழக்காடும் வாரக்குடிகளுக்காக இராணுவச் சட்டத்தரணிகள் நீதிமன்றத்தில் இலவசமாகத் தோன்றினர். அரசாங்கம் என்பது துப்பாக்கியுடன் வரும் ஒன்று என்று மட்டுமே கண்டிருந்த மக்களுக்கு இது புதுமையாக இருந்தது.

1951 நவம்பர்த் தேர்தலை இராணுவத்தினரும் மாணவப் படையணியினரும் காவல் காத்து நேர்மையாக நடத்தினர். ஆளுங்கட்சி படுதோல்வியடைந்தது. தாம் சார்ந்த கட்சி தோற்கும் தேர்தலுக்குக் காவல் நின்றவர் என்ற நற்பெயர் மக்சேசேக்குக் கிட்டியது. அதே தேர்தல் காலத்தில் நீக்ரோஸ் தீவில் மொய்சஸ் பதில்யா என்ற வேட்பாளர் மாகாண ஆளுநரின் ஆட்களால் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆளுநர் ரஃபாயெல் லக்சொன் லிபரல் கட்சியைச் சேர்ந்தவர். மக்சேசே விமானத்தில் விரைந்து சென்று, அந்தச் சடலத்தைத் தாமே கைகளில் ஏந்திவந்த காட்சி நாட்டையே உலுக்கியது. கட்சிச் செல்வாக்கு ஆளுநரைக் காப்பாற்றவில்லை. 1954 இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. ஆள்வோர் தம்மவரைத் தண்டிக்க முன்வரும்போதே நீதியில் நம்பிக்கை பிறக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எனினும் இந்த வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. 1950 அக்டோபரில் மனிலாவில் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமைக்குழுவினர் பலர் கைது செய்யப்பட்ட பின்னர் ஆட்கொணர்வு உரிமை இடைநிறுத்தப்பட்டது. கிளர்ச்சித் தலைவர்களின் தலைக்குப் பெருந்தொகைப் பணம் விலையாக வைக்கப்பட்டது. போராளிகள் போல வேடமிட்ட படைப்பிரிவுகள் கிராமங்களுக்குள் அனுப்பப்பட்டன. முன்னர் கொடூரத்துக்குப் பேர்பெற்றிருந்த அதிகாரிகள் சிலர் இவரின் கீழும் கட்டளைப் பதவிகளில் நீடித்தனர். அமெரிக்க விமானப்படை அதிகாரியும் அந்நாட்டு உளவு அமைப்புடன் தொடர்புடையவருமான எட்வர்ட் லான்ஸ்டேல் அவருக்கு நெருங்கிய ஆலோசகராக விளங்கினார். மக்சேசேயை ஜனாதிபதியாக்குவதில் அமெரிக்கா இரகசியமாக உதவியது. மறுபுறம், ஹுக் அணியினரும் தம் தவறுகளால் மக்களை இழந்தனர். 1949 ஏப்ரலில் முன்னாள் ஜனாதிபதி கெசொனின் விதவை மனைவி அவுரோரா கெசொன் பதுங்கித் தாக்குதலில் கொல்லப்பட்டமையும், 1950 ஆகஸ்டில் தர்லாக் மாகாணத்து இராணுவ முகாம் வைத்தியசாலையில் நோயாளர் கொல்லப்பட்டமையும் அவர்கள் மீதிருந்த அனுதாபத்தைக் கெடுத்தன. புரட்சி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்ற தலைமையின் தவறான கணிப்பும் சேர்ந்துகொண்டது.

சரணடைவோருக்குக் காணி என்பதே மக்சேசேயின் திட்டங்களுள் மிகவும் புகழ்பெற்றது. ஹுக் இயக்கத்தின் மூல முழக்கமே உழுபவனுக்கு நிலம் என்பதுதான். அந்த முழக்கத்தை அரசாங்கமே எடுத்துக்கொண்டால் காட்டில் நிற்பவனுக்குப் போரிடக் காரணம் இராது என்று அவர் கருதினார். இராணுவத்தின் பொறுப்பில் எட்கோர் எனும் குடியேற்ற நிறுவனம் உருவாக்கப்பட்டது. சரணடைந்தவருக்கு வீடும் மாடும் விதையும் வழங்கப்பட்டு, ஆறு ஹெக்டேயருக்கும் குறையாத காணி ஒதுக்கப்பட்டது. பெயர் பெரிதாயினும் தொகை சிறிது. குடியேறிய குடும்பங்கள் ஏறக்குறைய ஆயிரம். அவற்றுள்ளும் முன்னாள் போராளிகளின் குடும்பங்கள் சில நூறு மட்டுமே. ஆனால் அச்செய்தி காட்டிலிருந்த பல்லாயிரம் பேரைச் சென்றடைந்தது. பலர் காணி கிடைக்குமுன்னரே ஆயுதத்தைக் கீழே வைத்தனர்.

அந்தக் காணி எங்கே இருந்தது என்பதுதான் இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கிளர்ச்சி மூண்டது மத்திய லூசொனில். வாரக்குடிகளை வாட்டிய பெருந்தோட்டங்கள் இருந்ததும் அங்கேயே. ஆனால் 1951 இல் தொடங்கப்பட்ட முதலிரு குடியேற்றங்களும் அமைந்தது நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், தெற்கே மிந்தனாவ் தீவில். ஒன்று லனாவ் மாகாணத்தின் கபதகன். மற்றையது கொதபாத்தோ மாகாணத்தின் புல்டொன். இரண்டும் முஸ்லிம்களின் பூர்வீகப் பிரதேசங்கள். ஸ்பானியர் வருமுன்னரே சுல்தான்களின் ஆட்சியிலிருந்த மோரோ முஸ்லிம்களின் நிலம் அது. அங்கே காணி வழமைப்படி ஆளப்பட்டது. எழுத்திலே உறுதி இருக்கவில்லை. அமெரிக்கர் ஆட்சிக்காலத்தில் உறுதியில்லாத நிலமெல்லாம் அரச காணியெனக் கொள்ளப்பட்டது. 1919 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிறிஸ்தவக் குடியேற்றவாசி ஒருவர் 24 ஹெக்டேயர் பெறலாம். கிறிஸ்தவரல்லாதவருக்கு 10 ஹெக்டேயர் மட்டுமே. சொந்த மண்ணில் வாழ்ந்தவனுக்கு வந்தவனின் பாதிகூட இல்லை.

இக்குடியேற்றக் கொள்கையை மக்சேசே தொடக்கி வைக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1913 முதலே அது நடைமுறையில் இருந்தது. ஆயினும் கிளர்ச்சி ஒழிப்பின் வெற்றிச் சின்னமாக அதனை மாற்றி, புதிய வேகம் கொடுத்தவர் அவரே. லூசொனில் உள்ள பெருநிலவுடைமையாளரின் காணியைத் தொடுவதற்குப் பதிலாக, காங்கிரஸில் குரல் குறைந்த ஒரு சிறுபான்மை மக்களின் காணியைப் பங்கிடுவது அரசியல்வாதிகளுக்கு இலகுவாக இருந்தது. குடியேற்றத் திட்டங்கள் ஒரு பிரதேசத்தின் குடிசனப் பரம்பலை எவ்வாறு மாற்றும் என்பதை இந்நாட்டின் தமிழ், முஸ்லிம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

1953 இல் மக்சேசே லிபரல் கட்சியை விட்டு விலகி, நஷனலிஸ்டா கட்சியின் வேட்பாளராகப் போட்டியிட்டு, மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகமான வாக்குகளால் ஜனாதிபதியானார். ஐரோப்பிய உடையைத் தவிர்த்து, பரொங் தகாலொக் எனும் தேசிய மேலாடையை அணிந்து பதவியேற்றார். ஜனாதிபதி மாளிகையின் கதவுகள் சாதாரண மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. வெறுங்காலுடன் வந்த விவசாயிகள் பளிங்குத் தரையில் நடந்துசென்று தம் குறைகளைக் கூறினர். 1954 மே மாதத்தில், அன்று இளம் பத்திரிகையாளராக இருந்த பெனிக்னோ அக்கினோவின் தூதின் விளைவாக லூயிஸ் தாருக் சரணடைந்தார். ஹுக் கிளர்ச்சி முடிவுக்கு வந்ததாகவே உலகம் கருதியது.

ஆனால் மூல நோய்க்கு மருந்திட முனைந்தபோது மக்சேசேயின் கைகள் கட்டப்பட்டன. வாரக்குடிகளின் பங்கைப் பாதுகாக்கும் சட்டம் 1954 இல் நிறைவேறியது. 1955 இல் அவர் கொண்டுவந்த காணிச் சீர்திருத்தச் சட்டமூலமோ, காணிச் சொந்தக்காரர் நிறைந்த காங்கிரஸில் சல்லடையாகத் துளைக்கப்பட்டது. தொடர்ச்சியாக 300 ஹெக்டேயருக்கு மேற்பட்ட தனியார் காணியை மட்டுமே, அதுவும் வாரக்குடிகளில் பெரும்பான்மையோர் மனுச்செய்தால் மட்டுமே அரசாங்கம் சுவீகரிக்கலாம் என்றாயிற்று. அத்தகைய தோட்டங்கள் மிகச் சில. படையினரைக் கட்டுப்படுத்திய மனிதரால் பிரபுக்களைக் கட்டுப்படுத்த முடியவில்லை. எஞ்சிய வழி தெற்கு நோக்கிய குடியேற்றமே. 1954 இல் அமைக்கப்பட்ட நாரா எனும் நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களை மிந்தனாவுக்கு அனுப்பியது.

1957 மார்ச் 17 ஆம் திகதி அதிகாலை, செபு நகரிலிருந்து மனிலா திரும்பிய ஜனாதிபதியின் விமானம் மனுங்கால் மலையில் மோதியது. பயணம் செய்த 26 பேரில் ஒரு பத்திரிகையாளர் மட்டுமே உயிர் தப்பினார். மக்சேசேக்கு அப்போது வயது 49. அவரது இறுதி ஊர்வலத்தில் மனிலா வீதிகளில் மக்கள் வெள்ளமெனத் திரண்டு அழுதனர். அந்தக் கண்ணீர் உண்மையானது. தம்மிடம் வந்து குறை கேட்ட ஆட்சியாளர் ஒருவரை அம்மக்கள் அதற்கு முன் கண்டதில்லை.

அதற்குப் பின் நடந்தவையே அவரது வாழ்வின் முடிவுரை. 1968 டிசம்பரில் ஹொசே மரியா சிசொன் புதிய கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கினார். ஹுக் இயக்கம் பிறந்த அதே மார்ச் 29 ஆம் திகதியில், 1969 இல், ஹுக் எச்சங்களைத் திரட்டி, அதே மத்திய லூசொனின் தர்லாக் மாகாணத்தில் புதிய மக்கள் படை உருவாக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்த அந்தக் கிளர்ச்சி பல்லாயிரம் உயிர்களைப் பலிகொண்டது. தெற்கிலே, நூற்றாண்டின் தொடக்கத்தில் மிந்தனாவில் பெரும்பான்மையாக இருந்த முஸ்லிம்கள் சில தசாப்தங்களில் சிறுபான்மையாயினர். 1971 ஜூனில் கொதபாத்தோவின் மனிலி எனும் ஊரில் பள்ளிவாசலில் கூடியிருந்த முஸ்லிம்கள் சுமார் 70 பேர் கொல்லப்பட்டனர். இரண்டு மாதங்களின் பின்னர் புல்டொன் நகரை இராணுவம் எறிகணைகளால் தாக்கியது. இருபது ஆண்டுகளுக்கு முன் சமாதானத்தின் மாதிரிக் குடியேற்றம் அமைந்த அதே புல்டொன் அது. மோரோ தேசிய விடுதலை முன்னணியின் போரும், பின்னர் மோரோ இஸ்லாமிய விடுதலை முன்னணியின் போரும் இலட்சத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டுசென்றதாகக் கணிக்கப்படுகிறது. 2014 ஆம் ஆண்டு உடன்படிக்கையும் 2019 இல் உருவான பங்சமோரோ சுயாட்சிப் பிராந்தியமும் வரும்வரை ஒரு தலைமுறை அகதி முகாம்களில் வளர்ந்தது.

மக்சேசேயின் வழியைப் பிற நாடுகளில் நகலெடுக்க முயன்றவர்கள் பலர். லான்ஸ்டேல் தாமே 1954 இல் தென்வியட்நாமுக்குச் சென்று அதனைப் பரீட்சித்தார், பலிக்கவில்லை. தந்தியும் மாதிரிக் குடியேற்றமும் பிரசாரமும் கொண்டுசெல்லப்படக் கூடியவை. தம் கட்சிக்காரனையே கூண்டில் ஏற்றும் மனத்துணிவு அவ்வாறு கொண்டுசெல்லப்படக் கூடியதன்று.

கிளர்ச்சியாளனைச் சுடுவதற்கு முன் அவன் ஏன் காட்டுக்குப் போனான் என்று கேட்ட ஆட்சியாளர்கள் வரலாற்றில் மிகக் குறைவு. மக்சேசே கேட்டார், பதிலையும் அறிந்தார். அவரது பெருமை அதில் உள்ளது. ஆனால் அந்தப் பதிலுக்குரிய விலையைச் செலுத்த வேண்டியவர்கள் மத்திய லூசொனின் காணிச் சொந்தக்காரர்கள். செலுத்த நேர்ந்தவர்களோ அக்கிளர்ச்சியுடன் எந்தச் சம்பந்தமும் இல்லாத மிந்தனாவின் முஸ்லிம் கிராமத்தவர்கள். ஒரு மக்களின் குறையை மற்றொரு மக்களின் காணியைக் கொண்டு தீர்க்கும் அரசாங்கம், ஒரு கிளர்ச்சியை முடித்துவிட்டு அடுத்த கிளர்ச்சிக்கு நிலம் பண்படுத்துகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 31 ஆம் திகதி நினைவுகூரப்படும் அந்த நல்ல மனிதரின் வாழ்விலிருந்து ஆட்சியாளர்கள் கற்கவேண்டிய பாடம் இதுவாகும்.